ஆறுதலாய்ப் போகிற காற்று

காக்கைதீவுச் சேற்றை
ஒரு மணித்தியாலம் அவித்தோம்.
தின்னிகள் சாகவேணும், அதுதான் கணக்கு.
ஐதரசனை ஆக்குகிறவையும் அந்தச் சேற்றுக்குள்தான்,
ஆக்க ஆக்க அதைத் தின்று தீர்க்கிறவையும் அதற்குள்தான்.
கொதியில் தின்னிகள் முடிந்தன.
ஆக்குகிறவை
வித்தாய்ச் சுருண்டு, ஓட்டை மூடிக்கொண்டு
அடுப்பு அணையுமட்டும் இருந்தன.
எப்படித் தெரியும் என்று தாட்சாயினியைக் கேட்டேன்.
புத்தகத்தில் கிடக்கு என்றாள்.

தின்னக் கள்ளு மண்டி கொடுத்தோம்.
விற்காமல் புளித்த நேற்றையது, கான் நாற்பது ரூபாய்.
முப்பத்தேழு பாகை. இருட்டு.
வெளிக்காற்றுப் பட்டால் வேலை நின்றுவிடும்.
வியாழன் பின்னேரம் முதற் குமிழி
குழாயின் வளைவில் நின்று யோசித்து
மேலே போனது.
காபனீரொட்சைட்டைச் சுண்ணாம்புத் தண்ணீர் குடித்துப்
பாலாய் வெளுத்தது.
மிச்சம், நிறமில்லை, மணமில்லை, பாரமில்லை.

பிறந்தநாள் வாழ்த்து அச்சடித்த பலூன் ஒன்று
கஸ்தூரியார் வீதியில் வாங்கியது.
வெள்ளி இரவு அது கூரையில் முட்டி நின்றது.
திங்கள் காலை மேசைக்குக் கீழே,
அவித்த கத்தரிக்காய்த் தோல் போல.
முடிச்சு அவிழவில்லை. ஓட்டை இல்லை.
உலகத்தில் அதைவிடச் சின்ன வாயு கிடையாது;
றப்பரின் இழைகளுக்குள்
எங்களுக்குத் தெரியாத ஒழுங்கை எல்லாம் அதற்குத் தெரிந்திருக்கிறது.
மூன்று கிழமை சமைத்தது
சனி ஞாயிறில் போய்விட்டது.

உருக்குச் சிலிண்டர் கேட்டுக் கொழும்புக்கு எழுதினோம்.
பதில் கேள்வியாய் வந்தது:
என்ன வாயு, எவ்வளவு, யார் பொறுப்பு,
வெடிக்குமா.
கடைசிக்கு ஆம் என்று எழுதவேண்டியிருந்தது.
பிறகு கடிதம் வரவில்லை.

குருநகரில் சைக்கிள் கடை மத்தியாஸ்
ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டியில் அமத்திக்
குமிழி பார்த்துக்கொண்டிருந்தார்.
நாங்களும் அதே உத்தியோகம்தான் என்றோம்.
"உள்ளுக்கு என்ன காத்து?"
"பற்றீரியா விட்டது."
அவர் சிரிக்கவில்லை.
கறுப்பு ரியூப் ஒன்றை இழுத்து, விட்டு, மணந்து பார்த்து,
"எந்தக் காத்தும் போகும் தங்கச்சி.
ஆறுதலாய்ப் போனால் நல்ல ரியூப்
எண்டு சொல்லுறம், அவ்வளவுதான்" என்றார்.
பதினொன்று வாங்கினோம்.

இரவு எட்டரை.
முதல் ரியூப்பின் வால்வில் இருந்து
ஒரு சோதனைக் குழாயளவு எடுத்து
வாயில் நெருப்புக் குச்சி பிடித்தேன்.
டப்.
தன் பேரை அது அப்படித்தான் சொல்லும்.
வெளியே விறாந்தையில்
வாச்சர் எட்வேட் அண்ணை குப்புறக் கிடந்தார்,
ரோச் லைற் தனியே உருண்டுகொண்டிருந்தது.
அறுபது வயது உடம்புக்கு
எங்கிருந்து வந்தது அந்த வேகம் என்று
நாங்கள் கேட்கவில்லை.
எழும்பினார். முழங்கால் தூசு தட்டினார்.
"இனிச் சொல்லிப்போட்டு அடியுங்கோ பிள்ளையள்."

தேத்தண்ணி வைத்துக் கொடுத்து
குழாயை அவரிடம் நீட்டினேன்.
உள்ளே கண்ணாடி வேர்த்திருந்தது.
வெடித்த இடத்தில் வேறொன்றும் இல்லை,
தண்ணீர், கடுகளவும் வராது.
ரோச் அடித்துக் கனநேரம் பார்த்தார்.
"உப்புத் தண்ணியோ?"
இல்லை என்றேன்.
"அப்ப எங்கட கிணத்தைவிடத் திறம்."

இப்போது சுவரில் ஆணிக்கொன்றாய்ப் பதினொரு ரியூப்,
சோக்கால் திகதி எழுதி.
ஒவ்வொரு விடியலும் தையல் நாடாவால்
இடுப்பளக்கிறேன்.
இன்று ஏழாவது இரண்டு மில்லிமீற்றர் மெலிவு.
தாட்சாயினி அதை ஒழுக்கு என்று எழுதச் சொன்னாள்.
மற்றப் பத்துக்கும் என்ன எழுதுகிறதென்று தெரியாமல்
"இருக்கிறது" என்று எழுதினேன்.
சேறு வந்துவிட்டது. அடுப்பு மூட்டவேணும்.