மலராத வரை

நாச்சிக்குப்பம் தாண்டினால்
ரோட்டின் நிறம் மாறும்.
அங்கிருந்து ஆந்திரா.
பாலிஹவுஸ் இந்தப் பக்கம்,
போர்வெல் இந்தப் பக்கம்,
உள்ளே ஊறுகிற தண்ணீர் எந்தப் பக்கத்தது என்று
சர்வேயருக்கும் தெரியாது.

பன்னிரண்டு ஏக்கர் பிளாஸ்டிக் வானம்.
அதற்கடியில் மழை மணி பார்த்துப் பெய்யும்:
ஆறே கால், பதினொன்று, மூன்றரை.

நான் அளப்பவள்.
மேசையில் ஆணியடித்த ஸ்கேல்.
தண்டைப் படுக்கவைத்தால்
எந்த ஊருக்கு என்று சொல்லிவிடுவேன்.
எழுபது, ஆம்ஸ்டர்டாம்.
அறுபது, துபாய்.
ஐம்பது, ஹைதராபாத் கல்யாண மண்டபம்.
நாற்பது, கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு.
வளைந்தது, கழுத்து சாய்ந்தது,
இதழோரம் கறுத்தது கூடைக்கு.

எண்ணுவது தெலுங்கில். ஒகட்டி, ரெண்டு, மூடு.
எழுதுவது தமிழில்.
பெட்டிமேல் ஒட்டுவது
எங்களில் யாரும் பேசாத பாஷையில்.

மொட்டு ஒவ்வொன்றுக்கும் வலைத்தொப்பி.
ஈஸ்வரக்கா மாட்டுவாள்,
பிள்ளைக்குக் குல்லா போடுகிற மாதிரி இல்லை,
பேனாவுக்கு மூடி போடுகிற மாதிரி.
நாளைக்கு நாலாயிரம்.
மலர்ந்துவிட்டால் போச்சு.
மலராமல் பார்த்துக்கொள்ளத்தான் சம்பளம்.
இரண்டு டிகிரிக் குளிரில்
நின்றபடி தூங்க வேண்டும் பூ.

முதலாளி முனிரத்னம் முன்பு தக்காளி போட்டவர்.
வி.கோட்டா மண்டியில் லோடைக் கொட்டிவிட்டு
லாரி வாடகைக்கு மோதிரம் விற்றவர்.
"தக்காளிக்கு விலை சொல்றவன்
மூஞ்சிக்கு நேரா நின்னு சொல்வான்.
ரோஜாவுக்கு யார் சொல்றாங்கன்னே தெரியல,
அதுவே நிம்மதி" என்பார்.
பேங்க் மேனேஜர் வரும் நாளில் மட்டும்
இதைச் சொல்ல மாட்டார்.

பிப்ரவரியில் நாங்கள் வீட்டுக்குப் போவதில்லை.
எங்கோ யாரோ யாருக்கோ
சொல்லப்போகிற ஒரு சொல்லுக்காக
ராத்திரி மூன்று மணிக்கு
இங்கே முள் கழிப்போம்.

ஒன்பதாம் தேதி மத்தியானம்
தேவனஹள்ளி போன குளிர்வண்டி
போன பாரத்தோடு திரும்பி வந்தது.
ஆபீசர் ஒரு பூவை
வெள்ளைத்தாளில் தட்டிப் பார்த்தாராம்.
இலைப்பேன், ஒன்றே ஒன்று.
டிரைவர் பாபாஜான் நகக்கண்ணைக் காட்டினார்:
"இத்தனூண்டு. உப்புத்தூள்னு நினைச்சேன்.
நடந்துச்சு."

முப்பத்தெட்டுப் பெட்டி.
குளிரறையில் நாளைய லோடு நின்றது.
டீசல் டிரம்முக்குப் பக்கத்தில்
வெயிலில் இறக்கினோம்.
இன்சூரன்சுக்குப் போட்டோ வேண்டும் என்று
முனிரத்னம் மூடிகளைத் திறந்து போட்டார்,
தொப்பிகளைக் கழற்றச் சொன்னார்,
தொப்பி ஒன்று நாற்பது பைசா.

மறுநாள் காலை
யாரும் கூப்பிடாமல் எல்லாரும்
பின்பக்கம் நின்றிருந்தோம்.

ஆறு வருஷமாக அளக்கிறேன்,
உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது.
மஞ்சள் இருந்தது.
நடுவில், பொடிப்பொடியாக,
ஏழாயிரத்து அறுநூறு பூவிலும்.

ஒரு ஆடு வந்து மோந்துவிட்டுப் போனது.
ஈஸ்வரக்காவும் குனிந்து மோந்தாள்.
"ஒண்ணுமில்லடி. ஈர அட்டை வாசன."
பிறகு ஒரு பூவை எடுத்து
எங்கே ஒடிப்பது என்று யோசிக்காமல் ஒடித்தாள்.
விரல் நீளம்.
என் ஸ்கேலில் அந்த அளவுக்கு ஊர் இல்லை.
கொண்டையில் வைத்தாள்.
கொண்டையை விடப் பூ பெரிதாக இருந்தது.
சிரித்தோம்.
முனிரத்னமும் சிரித்தார்,
கையில் போனை வைத்துக்கொண்டு,
போட்டோ எடுக்காமல்.

எட்டரைக்கு மணியடித்தது.
டிராக்டர் குழிப்பக்கம் பின்னோக்கி வந்தது.
ஈஸ்வரக்கா பூவை எடுத்து
சாப்பாட்டு டப்பாவில் வைத்து மூடினாள்,
தலைக்கு வலை மாட்டிக்கொண்டாள்.
பூ வைத்துக்கொண்டு யாரும்
உள்ளே வரக் கூடாது.
பேன் வரும்.