ஐந்து நாற்பது

கண்ணாடிக் குழாயின் நுனியில்
ஒரு எலியின் இதயம் தொங்குகிறது.
கொட்டைப்பாக்கை விடச் சற்றே பெரிது.
உடல் இல்லை. அது அதற்குத் தெரியாது, துடிக்கிறது.
உப்பும் சர்க்கரையும் கலந்த வெதுவெதுப்பான நீர்
மேலிருந்து இறங்கி
அதை நம்பவைத்துக்கொண்டிருக்கிறது.

தோஹா. ரமலான் பதினெட்டு.
மாலை ஐந்து பத்துக்குத் திருகை மூடினேன்.
அரைமணி நேரம் அதற்கு ஒன்றும் கிடையாது.

மூன்றாம் நிமிடம் துடிப்பு தளர்ந்தது.
பன்னிரண்டில் நின்றது.
டாக்டர் ஹனான் நோட்டில் குறித்துக்கொண்டாள்,
காலையிலிருந்து தண்ணீர் படாத உதடுகளோடு.

இதயம் பெரும்பாலும் கொழுப்பில் ஓடும் வண்டி.
கொழுப்பு ஊதாரி, அதே வேலைக்குக்
கூடுதல் காற்று கேட்கும்.
சர்க்கரை சிக்கனம், இருப்பதை வைத்து ஒப்பேற்றும்.
காற்றே இல்லையென்றால் இருவரும் கைவிரிப்பார்கள்.
அப்போது சக்சினேட் என்றொரு பொருள்
எரிய வழியில்லாமல் சேரும், சேரும்,
ஐந்து மாதச் சம்பள பாக்கி மாதிரி.
பாக்கி மொத்தமாய் வந்த வியாழன் இரவு
கேம்பில் என்ன நடந்தது என்று
சனையாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அத்தான் தாசையன் அங்கேதான் வெல்டர்.
போன ஆகஸ்டில், நண்பகலில்,
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு
கேஸ் என்று சொல்லி
செவன் அப்பில் உப்புப் போட்டுக் கொடுத்தார்கள்.
பொங்கியது. குடித்தார். ஏப்பமும் விட்டார்.
இரண்டு மணி நேரம் அப்படிப் போயிற்று.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
டாக்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.
திறந்தாச்சு.
நான் அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்:
அடைப்பை எடுத்துட்டாங்கக்கா, ஒண்ணும் பயமில்லை.
விரலை எடுப்பதற்குள்
திரையில் கோடு கிறுக்கலானது.
ஓடினார்கள். மின்சாரம் வைத்தார்கள், இரண்டு முறை.

திரும்பி வந்தார்.
ஆனால் முழுதாய் அல்ல.

ரத்தம் வராததால் செத்தது பாதி.
வந்ததால் செத்தது மீதி.
இதை நான் சம்பளம் வாங்கிக்கொண்டு
மூன்று வருடமாய் எலிகளில் பார்த்துவருகிறவன்.
அக்கா கேட்டாள்,
அடைப்பை எடுத்த பிறகும்
ஏன் ஒரு மாடி ஏற முடியலை?
நெட்வொர்க் சரியில்லை என்றேன்.

ஐந்து முப்பத்தெட்டு.
குப்பியில் மலோனேட், தண்ணீர் போலத்தான் இருக்கும்.
குவிந்து கிடப்பது ஒரே மூச்சில் பற்றிக்கொள்ளாமல்
வாசலில் நின்று
ஒவ்வொருவராய் வாங்க என்று சொல்லும் உப்பு.
எலி கேட்கிறது.
மனிதன் கேட்பானா என்பது இன்னும் தெரியவில்லை.
எலிகளைக் காப்பாற்றிய எத்தனையோ மருந்துகள்
மனிதரிடம் வந்து வாய் மூடிப் போயிருக்கின்றன.

ஐந்து நாற்பது.
வெளியே பாங்கு.
ஹனான் வராந்தாவில் ஒரு பேரீச்சம்பழத்தை
இரண்டாய்ப் பிளந்து பாதியை வாயில் வைக்கிறாள்.
தண்ணீர், மூன்று மிடறு.
பிறகு நிறுத்துகிறாள்.
கேண்டீனிலிருந்து பிரியாணி வாசம் ஏறி வருகிறது,
அவள் அவசரப்படவில்லை.
பதினான்கு மணி நேரம் காத்த வயிற்றை
இன்னும் கொஞ்சம் காக்கவைக்கிறாள்.

நான் திருகைத் திறக்கிறேன்.

இதயம் ஒரு முறை உதறிக்கொள்கிறது.
ஒன்றுமில்லை.
பிறகு ஒன்று. பிறகு, சற்றுத் தள்ளி, இன்னொன்று.

இரண்டு மணி நேரம் கழித்து இதை
ரொட்டி போலத் துண்டு போட்டுச் சாயத்தில் நனைப்பேன்.
உயிருள்ளது செங்கல் நிறமாகும்,
செத்தது வெள்ளையாகவே நிற்கும்.
வெள்ளையின் பரப்பை அளந்து எழுதுவது என் வேலை.

போன் அதிர்கிறது. அத்தான்.
இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து
வெல்டிங் குச்சிகளை எண்ணிக் கொடுக்கிறார்.
சாப்பிட்டியாடே? என்கிறார்,
நடுவில் ஒரு மூச்சு வாங்கி.