காதோரச் சேறு

கொர்ரமாபாதில் ஆஷூரா விடியல்.
தெருமுனைத் தொட்டியில் சேறு,
பன்னீர் ஊற்றிக் குழைத்தது.

ஷீர்ஸாத் இறங்கி முங்கினான்.
எழுந்தபோது என் கணவன் இல்லை,
இரண்டு கண்கள் மட்டும்.
விறகுத் தீயருகே நின்று காய்ந்தான்.

ஆயிரத்து முந்நூறு ஆண்டு கடந்தும்
இன்னும் எதற்கு அழுகை என்றாள்
தெஹ்ரானிலிருந்து வந்த மருமகள்.
நான் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

ஹுசைனைக் கொன்றவர்கள்
தங்கள் பிணங்களைப் புதைத்துவிட்டுத்தான் போனார்கள்.
அவரை மணல்மேல் விட்டுவிட்டு.
பிடி மண் போட ஒரு கை இல்லை,
மூன்று நாள்.

அவ்வளவுதான் பெண்ணே எனக்குத் தெரியும்.
போட முடியாத மண்ணை
இவர்கள் உடுத்திக்கொள்கிறார்கள்.

ஷீர்ஸாதின் தம்பி மெஹ்ராப்
எல்லைச் சதுப்பில் போரில் போனவன்.
திரும்பி வந்தது அவன் சீப்பு,
அதில் இரண்டு முடி.
சீப்பை எப்படிப் புதைப்பது?
அன்று இவன் அழவில்லை.
லாரிக்கு எண்ணெய் மாற்றப் போய்விட்டான்.

இன்று தலையில் அறைந்து கதறுகிறான்.
யாருக்காக என்று
நான் கேட்டதில்லை.

இன்னும் நாலைந்து நாளுக்கு
அவன் காதோரம் சேறு உதிரும்.
தலையணை உறையைச் சன்னலில் உதற மாட்டேன்.
பூந்தொட்டியில் உதறுவேன்.