ஆயிரத்து ஐந்நூறு அடியில்

மாங்குளம் சந்தியில் மழைக்கு ஒதுங்கி நின்றது
நிமலரூபன் வாடகைக்கு எடுத்த கார்.
கண்ணாடி முழுக்க ஆவி.
மடியில் மீன் ரோல்ஸ், எண்ணெய் ஊறிய பேப்பர்.
"இப்பவும் நீதானா பெட்டி ஏத்துறாய்?" என்றான்.

நான்தான்.
பெட்டி ஏற்றுவேன், சில்லைக் குனிந்து பார்ப்பேன்,
இறக்கையில் ஏறிக் குச்சி விட்டு எரிபொருள் அளப்பேன்,
வருகிறவரைத் தராசில் நிற்கச் சொல்வேன்.
ஒன்பது இருக்கை. ஆளின் பாரம் தெரியாமல் எழும்ப முடியாது.
போன கிழமை பலாலியில்
பனங்கட்டியும் ஒரு தையல் மெசின் தலையுமாய் வந்த மனுசி
தராசில் ஏற மறுத்து
"அறுவது கிலோதான் தம்பி" என்றா.
தொப்பியைக் கழற்றினேன்.
"பிள்ளை" என்று திருத்தினா.
கிலோவைத் திருத்தவில்லை.

எனக்குப் பக்கத்து இருக்கையில் ஆள் இல்லை.
சில நாள் கருவாடு இருக்கும்.
தானோட்டி இருக்கிறது, ஆனால்
கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால்
எனக்கு முன்னம் அது களைத்துவிடும்.
இறங்கி முடிய என் கைவிரல்கள்
கொஞ்ச நேரம் மடங்கியபடியே கிடக்கும்.

"குடுத்து வச்சவன் நீ" என்றேன்.
"பொத்தானை அமத்திப்போட்டுச் சாப்பிடுறாய்."

அவன் ரோல்ஸைக் கீழே வைத்தான்.
ஆறு மாதத்துக்கு ஒருக்கால்
பொய் விமானத்துக்குள் அடைத்து
எஞ்சினை எரித்துக் காட்டுவார்களாம்.
அங்கே பிழைத்தால்தான் மெய் விமானத்துக்கு விடுவார்களாம்.
கண், காது, இரத்தம், எல்லாவற்றுக்கும் ஒரு தாள்.
இரவு இரண்டரைக்கு எழும்பி
எந்த ஊர் விடியல் என்று தெரியாத ஒன்றுக்குள் போகவேண்டும்.
"கை வேலை நாலு நிமிசம்.
மிச்சம் ஒம்பது மணித்தியாலமும்
அந்த நாலு நிமிசத்துக்காக முழிச்சிருக்கிற வேலை."

பிறகு, கண்ணாடியின் ஆவியில் விரலால் ஒரு கோடு இழுத்தபடி:
"ஒருநாள் கண்ணைத் திறந்து பாத்தன்.
மற்றவனும் நித்திரை.
எவ்வளவு நேரமெண்டு தெரியாது.
பின்னுக்கு முந்நூறு சனம், அவையும் நித்திரை.
விமானம் மட்டும்தான் முழிச்சிருந்தது."
"என்ன செய்தனி?"
"கோப்பி கேட்டன்."

கடைசி ரோல்ஸை அவன் பக்கம் தள்ளினேன்.
தோற்றதாகவே நினைத்தேன்.

"உனக்கு?" என்றான். "உன்ரைக்குள்ளை எது கஷ்டம்?"

தராசு என்று சொல்ல வாயெடுத்தேன்.
காற்று என்று சொல்லியிருக்கலாம்.

திருகோணமலையிலிருந்து வடக்கே முதல் ஓட்டம்.
முகில் தாழ்ந்து கிடந்தது, நான் அதற்கும் கீழே,
ஆயிரத்து ஐந்நூறு அடியில்.
புதுக்குடியிருப்பு தாண்ட ஒரு கச்சான் தோட்டம்,
தண்ணீர்க் குழாயோடு ஒருவர்.
நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்,
உடனே நிலத்தைப் பார்த்தார்,
எதையோ தேடுகிறவர் போல, ஒரு குழியைத் தேடுகிறவர் போல.
கிடைக்கவில்லை.
பாத்திக்குள் குப்புறப் படுத்தார்.
குழாய் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.
என் நிழல் அவர் முதுகில் ஏறி இறங்கிப் போனது.

அந்தப் பக்கம் வந்தால் இப்போது கடலுக்கு மேலால் சுற்றுகிறேன்.
ஏழு நிமிடம் கூட. இருபது லீட்டர் கூட.
பதிவேட்டில் காரணம் கேட்பார்கள்.
'காற்று' என்று எழுதுகிறேன்.
கம்பனிக்குத் தெரியும், அந்தக் கரையில் அவ்வளவு காற்று இல்லை.

நிமலரூபன் கனநேரம் பேசவில்லை.
"நாங்கள் போற உயரத்துக்கு
கீழை ஒருத்தரும் நிமிர்ந்து பாக்கிறேல்லை" என்றான்.
அது குறையா ஆறுதலா, குரலில் பிடிபடவில்லை.

மழை விட்டதா என்று பார்க்கக் கண்ணாடியை இறக்கினான்.
இருவரும் ஒரேயடியாக மேலே பார்த்தோம்.
"முகில் எண்ணூறு அடி" என்றேன்.
"எழுநூறு" என்றான்.