அட்டையில் எட்டுப் பேர்

பெட்டியின் அட்டையில் எட்டுப் பேர் நிற்கிறார்கள்.
எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினோம்,
நாலு பேர் பங்கு போட்டு,
ஏப்ரல் சம்பளம் வந்த மாலையில்.
திரையிலோ நாலு பேர்.
மிச்சம் நாலும் சாம்பல் நிழல்,
நெஞ்சில் ஆளுக்கொரு பூட்டு.

நான் மொந்தேவிடியோவில் பேருந்து நடத்துநர்.
செரோவிலிருந்து துறைமுகம்,
துறைமுகத்திலிருந்து செரோ.
சீட்டுக் கிழிக்கிறவனுக்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை.
காசை வாங்கிப் பையில் போட்டுவிட்டு
"முதலில் பத்து நடை நின்றபடி வாருங்கள்,
அப்புறம் ஜன்னலோர இருக்கை திறக்கும்" என்று சொன்னால்
அடுத்த நிறுத்தத்தில்
என்னைத்தான் இறக்கிவிடுவார்கள்.

வில்மர் ஒத்துக்கொள்ளவில்லை. ரொட்டி சுடுகிறவன்.
"மாவையும்தான் காசு கொடுத்து வாங்குகிறேன்.
பிசைந்த கையோடு தின்ன முடியுமா?
காத்திருந்தால்தான் பொங்கும்.
எட்டும் திறந்து கிடந்தால்
ஞாயிற்றுக்கிழமைக்குள் சலித்துவிடும் உனக்கு."
மாத்தே குவளை கைமாறியது.
"மாவு காக்க வைக்கும், பூட்டி வைக்காது" என்றேன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
வீடு திரும்பும் வழியில்
அது பதில்தானா, வெறும் வாய்ச்சாமர்த்தியமா
என்று எனக்கே சந்தேகம்.

சுல்மா எதுவும் பேசவில்லை.

அவளுக்கு வேண்டியது ஆறாவது நிழல்.
அட்டையில் நரைத்த கூந்தலோடு நிற்கிற படகுக்காரி,
துடுப்பே அவள் ஆயுதம்.
கடையில் சுல்மா தொட்டுக் காட்டியது அவளைத்தான்.
அவளைத் திறக்க
பன்னிரண்டாம் கட்டத்துக் கோபுரக் காவலனை
ஓர் அடியும் வாங்காமல் சாய்க்க வேண்டும்,
மூன்று பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தி.
சுல்மாவின் வலது கையில் மூன்று விரல்கள்.
மற்ற இரண்டை
இறைச்சித் தொழிற்சாலையின் ரம்பம் வைத்துக்கொண்டது.

மூன்றாவது சனிக்கிழமை
கருவியை மெத்தென்று மேசையில் வைத்தாள்.
கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால் தேவலை.
"கொடு, நான் ஜெயித்துத் தருகிறேன்" என்றான் அனிபால்.

"ஜெயித்துத் தரச் சொன்னேனா?
எனக்கு ஜெயிக்கவே வேண்டாம்.
அவளை வைத்துத் தோற்க வேண்டும்.
அதற்குத்தான் காசு போட்டேன்."

கெண்டியில் தண்ணீர் இரைந்தது. யாரும் எழுந்து போய் அணைக்கவில்லை.

செய்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.
எங்கோ ஒரு நகரத்தில்
விளக்கணைக்காமல் உட்கார்ந்து
இனிப்பை உயரத் தட்டில் ஒளித்து வைத்தார்கள்,
தேடி எடுப்பதில் ஒரு ருசி இருக்கட்டும் என்று.
சரி.
கைக்கு எட்டாதவர்கள் இருப்பார்களே
என்பது மட்டும் அவர்கள் கணக்கில் விழவில்லை.
இனிப்புக்கோ
எல்லோரிடமும் ஒரே விலை.

அந்த வாரம் வில்மர் பெட்டியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான்.
இரண்டு தட்டு ரொட்டி கருகியதாகக் கேள்வி.
சனிக்கிழமை வந்தான், கண் சிவந்து,
மன்னிப்புக் கேட்கிறவனைப் போலக் கருவியை நீட்டினான்.
ஆறாவது நெஞ்சில் பூட்டு இல்லை.

இதுவும் பிறர் ஜெயித்துத் தந்ததுதான்.
சுல்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
பிறகு எடுத்தாள்.

நாற்பது நொடி.
துடுப்பு ஒருபக்கம், படகுக்காரி ஒருபக்கம்.
அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.
"இன்னொரு தடவை" என்றாள்.
மறுபடி தோற்றாள்.

பேருந்து நிறுத்தம் வரை வில்மர் கூட வந்தான்.
"வியாழன் விடிகாலை மூன்று மணி,
காவலன் முழங்காலில் விழுந்தான்.
வீட்டில் எல்லோரும் தூக்கம்.
வாயைப் பொத்திக்கொண்டு கத்தினேன்" என்றான்.
பொய் சொல்வானேன்,
எனக்குப் பொறாமையாக இருந்தது.

வண்டி வந்தது.
ஜன்னலோரம் காலியாகத்தான் இருந்தது, உட்கார்ந்தேன்.
கதவு மூடும் முன்
கீழே நின்றவனிடம் கேட்டேன்:
இன்னும் எத்தனை பூட்டு?
மூன்று விரல் காட்டினான்.
அடுத்த வாரம்
பெட்டி என் வீட்டுக்கு.