காற்புள்ளி

நீக்க வேண்டியது ஒரே ஒரு பெயர்.
சொ. வயிரவன், மருந்தகம், ஓய்வு.
வெள்ளிக்கிழமை மாலை ஆறேகால்.
ஒரு வரி அடித்தேன். எண்டர்.
சர்வர் ஆகட்டும் என்றுகூடச் சொல்லவில்லை.
சொன்ன வேலை முடிந்தால் அது பேசாது.

கோட்டையூர் ஆஸ்பத்திரியின் மாடிப்படிக்கு அடியில்
முன்பு ஸ்ட்ரெச்சர் நிறுத்திய இடம் என் அறை.
ஏசி மிஷினுக்கு.
நான் உட்காரும் மூலைக்கு அது எட்டாது.

ஏழு மணிக்கு போன்: பில் வரவில்லை.
ஏழு ஐந்துக்கு: இன்சுலின் இருப்பு தெரியவில்லை.
ஏழு பத்துக்கு கேஷியர் சிகப்பியே நேரில்,
மூக்குக் கண்ணாடி நெற்றியில்.
"என்ன செஞ்சீக?"
"வயிரவன் அண்ணன் கணக்கை எடுத்தேன்."
"அதுலதானே நாங்க எல்லாரும் இருக்கோம்!"

ஒன்பது பேர்.
பதினோரு வருடம்
ஒரே பெயரில் நுழைந்து ஒரே பெயரில் வெளியேறியிருக்கிறார்கள்.
கடவுச்சொல் கீபோர்டின் வயிற்றில்
பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது.
மகளைப் பார்க்க அவர் சிங்கப்பூர் போயிருந்த வாரமும்
இங்கே ராப்பகலாக உழைத்ததாகப் பதிவு சொல்கிறது.

இப்போது அவர் கோப்புகள் மட்டும் கிடந்தன,
உரிமையாளர் என்ற இடத்தில் பெயர் போய்
1017 என்று ஓர் எண்ணோடு.

எட்டு மணிக்குப் புதிதாக ஒரு குழு திறந்தேன்.
குழுவின் பெயர், முக்காற்புள்ளி, எண், முக்காற்புள்ளி,
அதன் பிறகு ஆட்கள்,
ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு காற்புள்ளி.
சிகப்பி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.
"எங்க கோயில்ல கல்யாணமானாத்தான் புள்ளி.
ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு.
அவுக போனப்புறம் நான் அரை."
பில் தொகையை வாசிக்கும் அதே குரல்.
"இங்க நான் எவ்வளவு?"
"ஒண்ணு."
"முழுசா?"
"முழுசா. ஆனா பாஸ்வேர்டு
எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது."

படிக்க எல்லாருக்கும் அனுமதி.
விலையை மாற்ற மூன்று பேருக்கு.
அந்த மூன்று யார் என்பதில் ஒரு மணி நேரம் போயிற்று.
"எங்களை நம்பலையா தம்பி?" என்றார் கதிரேசன்,
மகன் பிறந்த தேதியைச் சர்வர் மூன்று முறை மறுத்த கோபத்தில்.
நம்பிக்கைக்கு இதில் கட்டம் கிடையாது என்று
சொல்ல வந்து,
ஒன்பதாவது பெயரைக் கேட்டேன்.
"ராத்திரி டூட்டிப் புள்ள. புஷ்பமோ என்னமோ."

திங்கட்கிழமை காலை பதிவைத் திறந்தேன்.
இரண்டு ஐம்பது. கு. மரியபுஷ்பம்.
காலாவதி மருந்து நீக்கம், பதினான்கு.
மேல் தட்டிலிருந்து கீழே,
சிரப்புகள் கடைசியில்.
இந்த வரிசை எனக்குத் தெரியும்.
பழைய பதிவில் இரவு தவறாமல் இருக்கிறது,
இதே மூன்றுக்குப் பத்து நிமிடம்,
வயிரவன் என்ற பெயரில்.
தூக்கம் வராத மனிதர் என்று நினைத்திருந்தேன்.
பிரிவு உபசாரத்தில் டாக்டர் சால்வை போர்த்தி
"கண் விழித்துக் காத்தவர்" என்றபோது
கைதட்டியவர்களில் நானும் உண்டு.
வயிரவன் மறுக்கவில்லை.
அவருக்கே தெரிந்திருக்காதோ என்னவோ.

அவளை நான் பார்த்ததில்லை.
ஆறு பத்து பஸ்ஸில் அவள் போய்விடுவாள்.
நான் ஒன்பதுக்கு வருகிறேன்.

1017ஐ யார் பெயருக்கு மாற்றுவது?
குழுவின் பெயருக்கு என்றால் விதி ஒத்துக்கொள்ளும்.
பாதி அடித்து நிறுத்திவிட்டு
மருந்தகத்துக்குப் போனேன்.
கீபோர்டைத் தூக்கிப் பார்த்தேன்.

புதுப் பிளாஸ்திரி.
புதுக் கடவுச்சொல், குண்டு குண்டாக.
அதற்கு மேலே, மையில், இனிஷியலோடு,
அவளுடைய முழுப்பெயர்.

கிழித்திருக்க வேண்டும்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
சுற்றிலும் பார்த்துவிட்டு
மெல்லத் திருப்பி வைத்தேன்.