ஆள் தேடும் குழு

செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணி.
மீன் ஆலையின் பழைய உணவறையில்
ஒன்பது பேர் கூடினோம்.
கூட்டக் குறிப்பு எழுதுவது நான்.
ஆணியும் பெயின்ட்டும் விற்கிறவனுக்குக்
கையெழுத்து நன்றாக இருக்கும் என்று
யாரோ கிளப்பிவிட்டார்கள்.

நியூஃபவுண்ட்லாந்துக்கு வடகிழக்கே எங்கள் தீவு.
மூடுபனி விலகினால் படகு வரும்.
படகு வந்தால் டாக்டர் வருவார்.
எட்டுக் கட்டில் ஆஸ்பத்திரியில்
ஏழு நர்ஸ்கள் இருந்தார்கள் ஒரு காலத்தில்.
ஒருத்தி கல்கரிக்குப் போனாள்.
ஒருத்தி பிள்ளை பெறப் போனவள் திரும்பவில்லை.
இரண்டு பேர் ஏஜென்சியில் சேர்ந்து
இதே வேலைக்கு வேறு ஊரில்
இரட்டைச் சம்பளம் வாங்குகிறார்கள்.
மிச்சம் மூன்று.
அதில் ஒருத்திக்கு முழங்கால் போய்விட்டது.

அதே ஏஜென்சி எங்களுக்கும் ஆள் அனுப்பியது.
விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்,
இவர்கள் ஆறு வாரம்.
மருந்து அலமாரிச் சாவி எங்கே தொங்குகிறது என்று
தெரிந்துகொண்ட அன்றைக்கு
பெட்டி கட்டுவார்கள்.

ஆகவே நிரந்தரமாக ஒருத்தி வேண்டும்.
வாடகையில்லாத வீடு, ஒரு வருடத்துக்கு.
கையெழுத்துப் போட்டதும் பதினைந்தாயிரம் டாலர்.
என் பங்கு இரண்டு டின் பெயின்ட், நிறம் அவள் விருப்பம்.
ஜெரோம் ஒரு வண்டி விறகு தருவதாகச் சொன்னான்,
சூடு பிடித்து, அரை மூஸ் மானும் என்றான்,
வெட்டி, உறைய வைத்து.
‘கறி தின்னாதவளாக இருந்தால்?’ என்றார் பாதிரியார்.
அதையும் எழுதிக்கொண்டேன்.

மே மாதம் எஃபுவா வந்தாள்.
பிறந்தது குமாசி, பிராம்ப்டனில் ஐந்து வருடம்.
பெண் பார்க்க வரும் நாள் போல
ஊரே தலை வாரிக்கொண்டு நின்றது.
வீட்டைப் பார்த்தாள், அடுப்பைத் திருகிப் பார்த்தாள்.
பணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.
புது எக்ஸ்ரே மெஷினைக் காட்ட அழைத்துப் போனால்
நடையிலேயே நின்றுவிட்டாள்,
சுவரில் தொங்கிய டியூட்டி அட்டவணை முன்னால்.

பென்சிலில் எழுதியது.
அழித்து அழித்துக் காகிதம் நைந்திருந்தது.
ஒரு கட்டத்தில் விரலை வைத்து
மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள்.
லொ. லொ. லொ. லொ.
விடாத இருமல் மாதிரி.

‘யார் இந்த லொ?’

எங்களுக்குப் பின்னால்
சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த
லொரெட்டா ஹான்ராஹன்
பாதி கை தூக்கினாள்.

‘கடைசியாக எப்போது லீவு எடுத்தீர்கள்?’

‘தம்பி கல்யாணத்துக்கு’ என்றாள்.
‘அது அக்டோபர்’ என்றார்
நாற்காலியில் இருந்த கிழவர்.

நாங்கள் தரையைப் பார்த்தோம்.
முகம் தெரியும் அளவுக்குத் தரை பளபளத்தது.
விருந்தாளிக்காகக் காலையில் துடைத்தது,
துடைத்ததும் லொரெட்டாதான்.

‘வருகிறவளுக்கு இவ்வளவு தருகிறீர்கள்.
இருக்கிறவளுக்கு?’

ஜெரோம் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.
நான் குறிப்பேட்டைப் புரட்டினேன்,
பதினொரு கூட்டம், நாற்பது பக்கம்.
லொரெட்டா பெயர் ஒரே இடத்தில் இருந்தது:
தேநீர், பிஸ்கட் ஏற்பாடு.

எஃபுவா மாலைப் படகில் போய்விட்டாள்.

அடுத்த செவ்வாய் தலைமை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டோம்.
இருப்பவர்களுக்குத் தருவதற்குப்
படிவமே கிடையாதாம்.
ராஜினாமா செய்து, படகேறிப் போய்,
ஆறு மாதம் கழித்துப் புது ஆளாக வந்தால் உண்டு.
லொரெட்டாவிடம் சொன்னதும் சிரித்தாள்.
சிரித்துக்கொண்டே இருந்தாள்,
நிறுத்தச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அந்த வாரம் மூன்று கட்டில்களை மூடினோம்.
ஓய்வு பெற்ற டல்சி, எழுபத்தொரு வயது,
லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டு வந்து
சனி ஞாயிறு நிற்கிறேன் என்றாள்.
நடையில் இரண்டு கட்டங்களில்
லொ அழிந்தது.
ரப்பர் தூள் அப்படியே தரையில் கிடந்தது.

சனிக்கிழமை நண்பகல்
அவள் வீட்டுத் திரைச்சீலை விலகவில்லை.
வாசலில் ஜெரோம்,
புதியவளுக்கென்று வைத்திருந்த விறகை
வண்டியிலிருந்து கொட்டாமல்
ஒவ்வொரு கட்டையாக எடுத்து
சத்தமில்லாமல் அடுக்கிக்கொண்டிருந்தான்.
நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போய்க்
கை கொடுத்தேன்.

எஃபுவாவிடமிருந்து இன்னும் பதில் இல்லை.
குறிப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.
விறகைப் பற்றி எழுதவில்லை,
அது கூட்டத்தில் பேசியதல்ல.